சும்மா தொங்குவதற்கு இத்தனை ஏற்பாடா!

கராஜ் கதவைப் பாதிதான் தூக்கியிருக்கிறார்கள், குனிந்து வாருங்கள். காலடியில் கவனம்! இடப்பக்கம் கயிற்றுச் சுருள், வலப்பக்கம் தார்ப்பாய் மூட்டை, நடுவில் யாரோ தின்று மீந்த பிட்ஸா அட்டைப்பெட்டி. மூலையில் ஒரு பழைய தையல் மெஷின் கடகடக்கிறது. அதன் பின்னால் இருப்பவரின் தாடியெல்லாம் வெள்ளை வெள்ளையாக வாத்து இறகு. யாரும் நம்மை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நல்லதாகப் போயிற்று.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத் தலைநகர் ஹாரிஸ்பர்க்கின் புறநகரில் இருக்கிறோம். காட்டுக்குப் போனால் கூடாரம் அடிக்காமல், இரண்டு மரங்களுக்கு நடுவே ஹேமக் என்ற துணி ஊஞ்சலைக் கட்டி அதில் தூங்கும் கூட்டம் இது. இலையெல்லாம் பழுத்துச் சிவக்கும் அக்டோபரில், வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு மதியம் வரை பைன் குரோவ் ஃபர்னஸ் மாநிலப் பூங்காவில் கூட்டாகத் தங்கப்போகிறார்கள். முடிந்ததும் படங்கள் வரும். செம்மஞ்சள் மரங்கள், அந்தரத்தில் ஆடும் வண்ணத் துணிகள், கையில் காப்பிக் கோப்பை. பார்க்கிறவர்கள் பெருமூச்சு விடுவார்கள். அந்தப் படத்தில் இந்தக் கராஜ் வராது, இதைப் பார்க்கத்தான் எனக்கு ஆசை. என் சித்தி மகள் இந்தக் குழுவில் இருக்கிறாள். "ஓரமா உட்காருக்கா, எதையும் தொடாதே, முக்கியமா கயிறைத் தொடாதே" என்ற நிபந்தனையோடு கூட்டி வந்தாள்.

சுவரைப் பாருங்கள். பரிசுப்பொருள் சுற்றும் தாளைத் திருப்பி ஒட்டி, அதன் வெள்ளைப் பக்கத்தில் வரைபடம் போட்டிருக்கிறார்கள். வட்டம் வட்டமாக இருப்பதெல்லாம் மரம். கூடாரக்காரர்களுக்குச் சமதரை கிடைத்தால் போதும். இவர்களுக்குத் தரை எப்படி இருந்தாலும் கவலையில்லை. கல்லோ சரிவோ சேறோ, மேலே தொங்குகிறவனுக்கு என்ன? ஆனால் மரம் வேண்டும். அதுவும் பன்னிரண்டிலிருந்து பதினைந்து அடி இடைவெளியில், திடமான, உயிருள்ள இரண்டு மரங்கள். இடத்தைப் பதிவு செய்தவுடன் இரண்டு பேர் நேரில் போய்க் காலடியால் அளந்து குறித்து வந்ததுதான் இந்த வரைபடம். மரங்களுக்குப் பெயர்கூட வைத்துவிட்டார்கள். 'பெரியம்மா' என்று ஓர் ஓக் மரம், 'தள்ளாட்டக்காரர்' என்று சாய்ந்த ஒன்று. 'பெரியம்மா'வுக்கு மட்டும் நான்கு பேர் போட்டி.

வரைபடத்தின் வடகிழக்கு மூலையில் சிவப்பு மையில் ஒரு கோடு தெரிகிறதா? அதுதான் குறட்டை எல்லை. நைலான் துணி கொசுவைத் தடுக்கும், காற்றைத் தடுக்கும், குறட்டையைத் தடுக்காது. ஆகவே பலமான குறட்டைக்காரர்கள் எல்லாரும் அந்தக் கோட்டுக்கு அப்பால்தான். கூட்டத்தில் நடந்த ஒரே உண்மையான சண்டை இதற்காகத்தான். குழுத் தலைவி ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, கழுத்தில் இன்னும் விசில் தொங்குகிறது. அவர் ஒருவரின் பெயரைக் கோட்டுக்கு அந்தப்பக்கம் எழுத, அந்த மனிதர் எழுந்துவிட்டார். "அது குறட்டை இல்லை, கரடி விரட்டும் சேவை. ஊருக்குள் வைத்துக்கொண்டால்தான் பயன்" என்று வாதம். தலைவி பேனாவை மூடாமலே, "எல்லையில் காவல் இருப்பதுதான் முறை" என்றார். கராஜே குலுங்கியது. மனிதர் அமைதியாக உட்கார்ந்து பிட்ஸாவில் மிச்சத்தை எடுத்துக்கொண்டார்.

இனி தையல் மெஷினுக்குப் போவோம், என் மனம் அங்கேதான் நிற்கிறது. ஹேமக் தூக்கத்தின் பெரிய எதிரி மழையோ கரடியோ இல்லை, முதுகுக் குளிர். தூக்கப் பைக்குள் படுத்தால் உடம்பின் பாரம் முதுகுக்கடியில் இருக்கும் இறகை நசுக்கிவிடும். நசுங்கிய இறகில் காற்று தங்காது, காற்று தங்காத இடத்தில் சூடும் தங்காது. கீழே வெறும் குளிர்க்காற்று வேறு. அதனால் ஹேமக்குக்கு வெளியே, அடிப்பக்கத்தில் நசுங்காமல் தொங்கும்படி தனியாக ஒரு போர்வை கட்டுகிறார்கள். கடையில் அதற்கு நல்ல விலை. அதனால்தான் இங்கே பாதிப் பேர் தாங்களே தைத்துக்கொள்கிறார்கள். மெஷினில் இருப்பவர் லாரி ஓட்டுநராக இருந்தவர். துணியை அறை அறையாகத் தைத்து, ஒவ்வோர் அறைக்குள்ளும் இறகை நிரப்பி வாயை மூட வேண்டும். ஒரு தும்மல் வந்தால் அவ்வளவுதான். வந்தது. கராஜ் முழுக்க இறகு பறந்து, பிட்ஸாவில் இறங்கி, என் தலையில் இறங்கி, தலைவியின் விசிலுக்குள்ளும் புகுந்தது. ஒருவரும் திட்டவில்லை. ஒரு பெண் வலைக்கரண்டியை எடுத்துவந்து காற்றில் இறகைப் பிடிக்க ஆரம்பித்தாள். அவர் யாருக்குத் தைக்கிறார் என்று மெதுவாக விசாரித்தேன். முதல்முறையாக வரப்போகும் ஒரு கல்லூரிப் பையனுக்காம். அவனுக்கு இன்னும் தெரியாது.

கொல்லைப்புறத்தில் புதியவர்களுக்குப் பாடம் நடக்கிறது, வாருங்கள். இரண்டு மேப்பிள் மரங்களுக்கு நடுவே அகலமான நாடாக்களைச் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். மெல்லிய கயிறு மரப்பட்டையை அறுத்துவிடும், நாடா அறுக்காது. நாடாவின் சரிவு ஏறக்குறைய முப்பது பாகை இருக்க வேண்டுமாம். பாகைமானியை யார் காட்டுக்குத் தூக்கிப் போவது? கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் துப்பாக்கி மாதிரி விரியுங்கள். ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து கட்டை விரல் நுனிக்கு ஒரு கோடு இழுத்தால், நாடா அந்தக் கோட்டில் வந்தால் சரி. கொல்லைப்புறம் முழுக்க வளர்ந்த மனிதர்கள் மரங்களைப் பார்த்துத் துப்பாக்கி நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுக்காரர் புல்வெட்டும் மெஷினை நிறுத்திவிட்டு இமைக்காமல் பார்க்கிறார்.

இன்னொரு ரகசியம், இதுவும் அங்கே கற்றதுதான். ஹேமக்கில் நேராகப் படுத்தால் தூளிக்குள் கிடக்கும் குழந்தை மாதிரி முதுகு வளைந்துவிடும். குறுக்குவாட்டில் படுக்க வேண்டும். தலையை ஒரு பக்கம் தள்ளி, காலை மறுபக்கம் தள்ளினால் துணி விரிந்து கிட்டத்தட்ட கட்டில் அளவுக்குச் சமமாகிவிடுகிறது. கால்மாட்டை ஒரு பிடி உயர்த்திக் கட்டினால் இரவில் கீழே வழுக்காது. நானும் படுத்துப் பார்த்தேன். எழ மனமில்லை. வரிசையில் காத்திருந்தவர்கள் இருமியதால் எழுந்தேன்.

ஒரு நாள் பூங்காவைப் பார்வையிடக் கிளம்பியவர்களோடு நானும் தொற்றிக்கொண்டேன். இவர்கள் காட்டில் நடக்கும் விதமே தனி, எல்லோரும் வானத்தைப் பார்த்துத்தான் நடக்கிறார்கள். மேலே காய்ந்த கிளை தொங்குகிறதா என்று தேடுகிறார்கள். காற்றடித்தால் அது தூங்குகிறவர் மேல்தான் விழும். ஆஷ் மரம் என்றால் இரட்டைச் சந்தேகம். ஆசியாவிலிருந்து வந்த மரகதப் பச்சை வண்டு ஒன்று இந்த நாட்டின் ஆஷ் மரங்களைக் கோடிக்கணக்கில் கொன்றிருக்கிறது. 2002இல் மிச்சிகனில் கண்டுபிடித்தார்கள், 2007இல் பென்சில்வேனியாவுக்கு வந்துவிட்டது. வெளியூர் விறகைக் கொண்டுவராதீர்கள், இங்கேயே வாங்கி எரியுங்கள் என்று பூங்காக்காரர்கள் கெஞ்சுவது இப்படிப்பட்ட பூச்சிகள் விறகில் ஏறிப் பயணம் செய்வதால்தான்.

மரம் தேடி அலையும் இவர்கள் கொட்டம் அடிக்கப்போகும் காட்டில் ஒரு காலத்தில் மரமே மிஞ்சவில்லை என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். பூங்காவின் பெயரில் இருக்கும் 'ஃபர்னஸ்' இரும்பு உருக்கும் உலை. 1764இல் தொடங்கி 1895 வரை ஓடியது. கல்லால் கட்டிய உலைக் கோபுரம் இன்றும் நிற்கிறது. எரிபொருள் மரக்கரி. இந்த மாதிரி உலை ஒன்று நாளொன்றுக்கு ஏறக்குறைய ஓர் ஏக்கர் காட்டைத் தின்னும் என்பார்கள். 1913இல் மாநில அரசு நிலத்தை வாங்கிய பிறகுதான் காடு மூச்சுவிட்டது. தாது வெட்டிய பள்ளத்தில் நீர் ஊறி ஃபுல்லர் ஏரி ஆகிவிட்டது, கோடையில் அங்கே குழந்தைகள் நீந்துகிறார்கள். 'பெரியம்மா' உட்பட இன்று நாடா சுற்றப்போகும் மரங்கள் எல்லாம் பெரும்பாலும் அதன்பின் தழைத்தவைதான். வழியில் ரேஞ்சர் ஒருவர் வண்டியை நிறுத்தினார். வரைபடத்தை வாங்கிப் பார்த்து, குறட்டை எல்லையில் விரல் வைத்து, "இது என் வீட்டுக்கும் வேண்டும்" என்றார். பிறகு விதிகளைச் சொன்னார்: மது கூடாது, இரவு 9 மணிக்கு மேல் சத்தம் கூடாது, உணவு வெளியே கிடக்கக் கூடாது. கருங்கரடிகள் உள்ள மலை.

உணவுப் பட்டியலுக்கு மட்டும் ஒரு மாலை போயிற்று. சனிக்கிழமை இரவுக்கு இரும்புச் சட்டியில் பீன்ஸ், மிளகாய் போட்ட குழம்பு. என் தங்கை சார்பில் புளிசாதம். கெட்டுப்போகாது, சூடாக்க வேண்டாம் என்று அவள் விளக்கியதுமே ஓட்டெடுப்பில்லாமல் நிறைவேறியது. ஆனால் அந்தப் பெருங்காய வாசத்துக்குக் கரடி என்ன சொல்லும் என்பதில் நீண்ட விவாதம். கடைசியில் இரவானால் புளிசாதம் காருக்குள் போய்விட வேண்டும் என்று முடிவானது. பிறகு ஓர் இளைஞன் ஐஸ்கிரீமைக் கிளப்பினான். ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை சுமார் 3,500 கிலோமீட்டர் நீளும் அப்பலேச்சியன் நடைபாதை இந்தப் பூங்கா வழியாகப் போகிறது. பாதி தூரம் இங்கே பக்கத்தில்தான் முடிகிறது. அவ்வளவு நடந்து வந்தவர்கள் பூங்காக் கடையில் அரை கேலன் ஐஸ்கிரீமை ஒரே மூச்சில் தின்று காட்டுவது வழக்கம், இரண்டு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. தின்று முடித்தால் பரிசு ஒரு குட்டி மரக்கரண்டி. நாமும் போட்டி வைக்கலாமே என்றான் பையன். "நீ ஜார்ஜியாவிலிருந்து நடந்து வா, நானே வாங்கித் தருகிறேன்" என்றார் தலைவி.

அந்த வெள்ளிக்கிழமை மதியம். மற்றவர்கள் வருவதற்குள் முன்னணிப்படை இறங்கியாயிற்று. பேன்ட் நுனியைக் காலுறைக்குள் திணித்திருப்பது நாகரிகத்துக்காக அல்ல, உண்ணிக்குப் பயந்து. உண்ணி பரப்பும் லைம் காய்ச்சல் அதிகம் பதிவாகும் மாநிலங்களில் இது ஒன்று. குளிர் ஊரில் எல்லோருக்கும் சட்டை நனைந்த வியர்வை. முதலில் தார்ப்பாய், அப்புறம்தான் ஹேமக். மழை வந்தால் எல்லாம் கூரைக்கடியில் இருக்கும். நாடாவில் ஒரு துண்டுக் கயிற்றை முடிந்து தொங்கவிடுகிறார்கள். மரத்தில் வழியும் மழைநீர் நாடா வழியே படுக்கைக்கு வராமல் அங்கேயே சொட்டிவிடும். லாரிக்காரர் சத்தமில்லாமல் கல்லூரிப் பையனின் இடத்தில் புதுப் போர்வையைக் கட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி விறகு அடுக்கப் போய்விட்டார். பையன் வந்தான், பார்த்தான், சுற்றும் முற்றும் திரும்பினான். "யாரோட இது?" என்றான். "உன்னோடது, சும்மா படு" என்றார் தலைவி. ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசவில்லை. குறட்டைக்காரர் மட்டும் தன் மூலையிலிருந்து, "இங்கே காற்று நன்றாக வருகிறது, எல்லோரும் வாருங்களேன்!" என்று கத்திக்கொண்டே இருந்தார்.

நீங்களும் அந்தப் பக்கம் வசிப்பவர் என்றால், நாலு குடும்பம் சேர்ந்து கிளம்ப இது நல்ல சாக்கு. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பென்சில்வேனியா பூங்காக்களில் முகாம் இடத்துக்கான முன்பதிவு 11 மாதங்களுக்கு முன்பே திறந்துவிடுகிறது. இலை பழுக்கும் அக்டோபர் வார இறுதிகள் மளமளவென்று போய்விடும். இந்தக் குழுவில் ஒருவர் அதற்காகவே அலாரம் வைத்து எழுந்திருந்தார். அதோடு மரத்தில் எதையும் கட்டுமுன் பூங்கா அலுவலகத்தை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், விதி பூங்காவுக்குப் பூங்கா மாறும். உங்கள் கூட்டத்தில் குறட்டைக்காரர் யார் என்பதைக் கிளம்புவதற்கு முன்பே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.