அடைச்ச பல் மறுபடியும் சொத்தையாவது ஏன்? எல்லாம் அந்த ஓரத்துல இருக்கு!

'அதான் போன வருஷமே அடைச்சாச்சே... அதே பல் எப்படி மறுபடி வலிக்கும்?' பல் கிளினிக்குகளில் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. ஊசி போட்டு, வாயைத் திறந்தபடி அரை மணி நேரம் படுத்திருந்து, காசும் கொடுத்து அடைத்த பல். கண்ணாடியில் பார்த்தால் ஃபில்லிங் பளிச்சென்று அப்படியே இருக்கிறது. ஆனால், ஐஸ் வாட்டர் பட்டால் சுரீர் என்கிறது. எக்ஸ்ரே எடுத்தால் அடைப்புக்குப் பக்கத்திலேயே புதுசா ஒரு சொத்தை!

அடைத்த பொருள் மட்டமானது என்று உடனே முடிவுகட்டிவிட வேண்டாம். பல்லும் ஃபில்லிங்கும் சேருகிற கோடு இருக்கிறதே, பெரும்பாலும் அங்கேதான் விவகாரம். சொத்தையை உண்டாக்கும் பாக்டீரியாவின் அளவு ஏறக்குறைய ஒரு மைக்ரான். அதாவது, ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான் இருக்கும். முடிகூட நுழையாத இடுக்கில் அதுங்க கும்பலாகவே குடியேறலாம். பிரஷ் அங்கே போகாது. நீங்க சாப்பிடுகிற இனிப்பு மட்டும் தவறாமல் போய்ச் சேரும். அதனால் ஓட்டையை ரொப்புவது பாதி வேலைதான். ஓரத்தை மூடுவதுதான் மீதி, அதுதான் கஷ்டமான பாதி.

கொத்தனார் வேலை மாதிரிதான்!

வழவழப்பான கான்கிரீட் மேல் சிமென்ட் பூசுவதற்கு முன்னால் கொத்தனார் என்ன செய்வார்? உளியால் கொத்திக் கொத்தி விடுவார். அப்போதுதான் பூச்சுக்குப் பிடிப்பு கிடைக்கும். பல்லுக்கும் அதே கதைதான், உளிக்குப் பதிலாக இங்கே அமிலம்.

1955-ல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் இருந்த மைக்கேல் புவோனகோர் என்ற ஆய்வாளர்தான் இதற்கு வழி திறந்தவர். உலோகத் தகட்டில் பெயின்ட் நன்றாக ஒட்டுவதற்காகத் தொழிற்சாலைகளில் பாஸ்பாரிக் அமிலத்தைத் தடவுவது வழக்கம். பல்லில் தடவினால் என்ன ஆகும் என்று அவர் யோசித்தார். 85 சதவிகித அமிலத்தை 30 விநாடிகள் எனாமல் மேல் வைத்துக் கழுவிவிட்டு, அதன்மேல் அக்ரிலிக்கை ஒட்டிப் பார்த்தார். அமிலம் படாத பல்லில் நின்றதைவிட அது பல மடங்கு அதிக காலம் விழாமல் நின்றது. இன்றைக்கு கிளினிக்கில் உங்கள் பல்லில் நீலமாக ஒரு ஜெல் வைக்கிறார்களே, அது பெரும்பாலும் அந்த அமிலத்தின் வாரிசுதான். அளவு மட்டும் சுமார் 37 சதவிகிதமாகக் குறைந்துவிட்டது.

ஒட்ட இடம் கிடைத்தது, சரி. ஒட்டுவதற்கு நல்ல பொருள் வேண்டுமே? அதற்கான பிசினை ரஃபேல் போவன் உருவாக்கி 1962-ல் காப்புரிமை பெற்றார். அந்தப் பிசினில் கண்ணாடி, சிலிக்கா துகள்களைக் கலந்ததுதான் இன்று 'பல் கலர் ஃபில்லிங்' என்று நாம் கேட்டு வாங்குகிற காம்போசிட்.

எனாமல் ஓகே... டென்டின்தான் வில்லன்!

எனாமலின் எடையில் சுமார் 96 சதவிகிதம் தாதுப்பொருள்தான். கல் மாதிரி. அமிலம் அதில் நுண்குழிகளைப் போடும், பிசின் அவற்றுக்குள் இறங்கி, இறுகி, வேர் பிடித்த மாதிரி நிற்கும். பிரச்னை அதிகம் இல்லை.

அதற்கு உள்ளே இருக்கிற டென்டின் வேற ரகம். அதில் தாதுப்பொருள் சுமார் 70 சதவிகிதம். மீதி கொலாஜன் என்ற நாரும் தண்ணீரும். பல்லின் உயிர்ப்பகுதியிலிருந்து ஆயிரக்கணக்கான நுண்குழாய்கள் வெளிப்பக்கமாக ஓடுகின்றன, அவற்றுக்குள் திரவம் இருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால், எப்போதும் ஈரமாக இருக்கிற சுவர். அதில் ஒட்ட வேண்டும்!

இதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. அமிலம் பட்டதும் தாது கரைந்து கொலாஜன் நார்கள் மட்டும் நிற்கும். குளத்துத் தண்ணீரில் பாசி எப்படி விரிந்து நிற்கிறது? வெளியே எடுத்தால் எப்படிச் சப்பென்று படிந்துபோகிறது? இந்த நார்களும் அப்படித்தான். அதிகமாகக் காய வைத்தால் படிந்துவிடும், பிசின் உள்ளே போகாது. ஈரம் அதிகமானாலும் பிசின் சரியாக இறுகாது. நார்களுக்கு இடையில் பிசின் சரியாகப் புகுந்து இறுகினால், பாதி பல், பாதி பிசின் என ஒரு கலப்பு அடுக்கு உருவாகும். 1982-ல் ஜப்பானின் நோபுவோ நகபயாஷி விளக்கிக் காட்டியது இதைத்தான்.

இத்தனை கஷ்டப்பட்டு உருவாகும் அந்த அடுக்கும் நிரந்தரம் இல்லை. வருடங்கள் போகப் போகத் தண்ணீர் பிசினைத் தளர்த்துகிறது. பிசின் மூடாமல் விட்ட கொலாஜனை நம் பல்லிலேயே இருக்கிற நொதிகள் அரிக்கின்றன. ஈறுக்குப் பக்கத்தில், எனாமல் மெலிந்து டென்டின் வெளிப்படுகிற இடத்தில் அடைப்புகள் சீக்கிரம் கைவிடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இன்னொரு தொல்லை, காம்போசிட் இறுகும்போது சுருங்கும். பொதுவாக 2 முதல் 3 சதவிகிதம். கேட்க ரொம்பக் கம்மி. ஆனால், மைக்ரான் கணக்கில் ஓரத்தைக் காக்க வேண்டிய இடத்தில் அது பெரிய இழுவை. ஒட்டு வலுவாக இல்லாவிட்டால் ஓரம் பிய்ந்து இடைவெளி விழும். அதனால்தான் டாக்டர் கொஞ்சம் வைத்து, நீல லைட் அடித்து, மறுபடி கொஞ்சம் வைத்து, மறுபடி லைட் அடிக்கிறார். வழக்கமான காம்போசிட்டை ஒரு தடவைக்கு 2 மில்லிமீட்டருக்கு மேல் வைப்பதில்லை. ஒரே தடவையில் 4 மில்லிமீட்டர் வரை வைக்கக்கூடிய வகைகளும் இப்போது உண்டு. 'எவ்ளோ நேரம் டாக்டர்... சீக்கிரம்' என்று நச்சரிப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் பொறுக்கலாம், ப்ளீஸ்.

ஒட்டுகிற நேரத்தில் எச்சில் பட்டால் அத்தனையும் வீண். பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட் மாட்டுகிறார்களே, அந்த 'ரப்பர் டேம்' 1864-ல் நியூயார்க் பல் மருத்துவர் சான்ஃபோர்ட் பார்னம் கண்டுபிடித்தது. மாட்டினால் அசௌகரியமாகத்தான் இருக்கும். உங்கள் ஃபில்லிங்கின் ஆயுளுக்காக மாட்டுகிறார்கள், மறுக்காதீங்க.

பாட்டி வாயில் இருக்கும் வெள்ளி அடைப்பு

பழைய ஆட்களின் கடைவாயில் கறுத்துப்போய் 20 வருடமாக நிற்கும் அமால்கம் அடைப்பைப் பார்த்திருப்பீங்க. வேடிக்கை என்னவென்றால், அது பல்லில் ஒட்டுவதே இல்லை! வாய் குறுகி, உள்ளே அகன்ற குழியாகக் குடைந்து, அதில் மாட்டிக்கொண்டு நிற்கும். முதலில் ஓரத்தில் கசியத்தான் செய்யும். போகப் போக அந்த உலோகம் அரித்து, அந்த அரிமானக் கழிவே இடைவெளியை அடைத்துவிடும். காம்போசிட்டின் ஓரம் முதல் நாளில் கச்சிதம், வயதாக ஆகத் தளரும். அமால்கம் நேர் எதிர்.

அதற்காக அமால்கத்துக்குத் திரும்பச் சொல்லவில்லை. அதில் பாதரசம் இருப்பதால் உலகமே அதிலிருந்து விலகிவருகிறது. ஐரோப்பிய யூனியன், சில மருத்துவ விதிவிலக்குகளைத் தவிர, 2025 ஜனவரி 1 முதல் அதை நிறுத்திவிட்டது. ஆனால், நன்றாக இருக்கும் பழைய அடைப்பை 'கலர் நல்லா இல்லை' என்பதற்காக மட்டும் தோண்டி எடுப்பது என்னைக் கேட்டால் நஷ்டம்தான். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் நல்ல பல்லும் கொஞ்சம் போகும்.

கிளாஸ் அயனோமர் என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. லண்டனில் வில்சன், கென்ட் இருவரும் உருவாக்கியது. பல்லில் உள்ள கால்சியத்தோடு ரசாயன முறையிலேயே ஒட்டும், ஃபுளூரைடையும் கசியவிடும். வலிமை குறைவு என்பதால் கடித்து மெல்லும் அழுத்தம் அதிகமுள்ள இடங்களில் இதை மட்டுமே நம்புவதில்லை.

நீங்க கவனிக்க வேண்டியது

பல் வெண்மையாக்கும் ப்ளீச்சிங் செய்திருந்தால் அடுத்த நாளே காம்போசிட் வைக்கக் கூடாது. பல்லில் தங்கும் ஆக்சிஜன் பிசினை இறுகவிடாது. ஓரிரு வாரம் இடைவெளி வேண்டும். கல்யாணத்துக்கு முந்தின வாரம் இரண்டையும் முடிக்க நினைப்பவர்கள் தேதியை முன்னாடியே பிளான் பண்ணுங்க. வலிக்கு கிராம்புத் தைலம் வைத்திருந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்க, அதில் இருக்கும் யூஜினால் பிசின் இறுகுவதைப் பாதிக்கக்கூடும்.

அடைத்த பிறகு சில நாள்கள் கூச்சம் இருப்பது சகஜம். கடிக்கும்போது மட்டும் வலித்தால், அடைப்பு துளி உயரமாக இருக்கலாம், ஐந்து நிமிடத்தில் தேய்த்துச் சரிசெய்துவிடுவார்கள். ஆனால், கூச்சம் நாளுக்கு நாள் கூடினாலோ, தூக்கத்தில் எழுப்புகிற வலி வந்தாலோ காத்திருக்காதீங்க. உணவு ஒரே இடத்தில் மாட்டுவது, ஃப்ளாஸ் நூல் அங்கே பிசிறு பிசிறாகக் கிழிவது... இவையும் ஓரம் திறந்திருக்கலாம் என்பதற்கான அடையாளங்கள்.

ஓரத்தில் பழுப்புக் கோடு தெரிந்தால் மட்டும் பதற வேண்டாம். அது வெறும் டீ, காபிக் கறையாகவும் இருக்கலாம். பாலிஷ் போட்டாலே போய்விடலாம். ஓரத்தில் மட்டும் சின்னதாகப் பழுது என்றால், அந்த இடத்தை மட்டும் சீராக்கி அடைக்கவும் முடியும். முழுசா தோண்டணும் என்று சொன்னால், 'ஓரத்தை மட்டும் சரிபண்ண முடியாதா டாக்டர்?' என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க.