படத்தைப் படிக்கக் கற்போம்

‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்பது நம் முன்னோர் வாக்கு. கைப்பேசி வழியே நாள்தோறும் நூற்றுக்கணக்கான படங்கள் வீட்டிற்குள் வந்து சேரும் இந்நாளில், இப்பழமொழியின் அருமை முன்னிலும் அதிகமாக விளங்குகிறது. பிறர் பகிரும் படங்களைச் சாதாரண மக்களாகிய நாமே ஆராய்ந்து பார்ப்பது எவ்வாறு என்பதை இங்குக் காண்போம்.

பட்டாசுத் தொழிலால் வாழும் நம் பகுதிக்கு நன்கு பொருந்தும் சான்று ஒன்று உண்டு. தீபாவளிதோறும், ‘விண்வெளியிலிருந்து எடுக்கப்பட்ட தீபாவளி இரவு’ என்ற குறிப்புடன், இந்தியா முழுவதும் நீலம், பச்சை, சிவப்பு நிறங்களில் மின்னும் படம் ஒன்று உலா வந்தது. அது ஓர் இரவில் எடுத்த படமே அன்று. பல ஆண்டுச் செயற்கைக்கோள் பதிவுகளைச் சேர்த்து, அமெரிக்க அறிவியலறிஞர் கிறிஸ் எல்விட்ஜ் உருவாக்கியது. முன்பே இருந்த விளக்குகள் வெண்மையாகவும், 1992, 1998, 2003 ஆகிய ஆண்டுகளில் புதிதாய்த் தெரிந்தவை முறையே நீலம், பச்சை, சிவப்பாகவும் காட்டப்பட்டன. நகரங்களின் வளர்ச்சியைக் காட்டவே அந்நிறங்கள்! 2012 நவம்பர் 12 அன்று இரவு செயற்கைக்கோள் எடுத்த உண்மைப் படத்தை நாசா வெளியிட்டு, தீபாவளியால் கூடும் வெளிச்சம் விண்ணிலிருந்து புலப்படாத அளவு சிறியது என விளக்கியது. சற்றுச் சிந்தித்தால் நமக்கே ஐயம் எழும். நொடியில் அணையும் வாணம் நாடு முழுவதும் ஒரே நேரத்தில் நின்று ஒளிருமோ?

ஆகவே, ஒரு படத்தைக் கண்டதும் நான்கு வினாக்களைக் கேட்போம்.

முதலாவது, எங்கே எடுத்தது? கடைப் பலகையின் எழுத்தும் வண்டியின் எண்ணும் ஊரைச் சொல்லும். டி.என். 67 என்றால் விருதுநகர், 95 என்றால் சிவகாசி.

இரண்டாவது, எப்போது எடுத்தது? ‘ஆனைக்குட்டம் அணை நிரம்பியது’ என்று சித்திரை வெயிலில் ஒரு படம் வந்தால், அது ஐப்பசி, கார்த்திகை மழையில் எடுத்ததாக இருக்கலாம் அல்லவா? அவ்வழியே போய்வரும் ஒருவரைக் கேட்டால் விடை கிடைத்துவிடும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படத்தில், அது எடுக்கப்பட்ட நாளும் இடமும் பற்றிய குறிப்பு நீங்கிவிடும் என்பதையும் அறிந்துகொள்வோம்.

மூன்றாவது, முன்பே வெளிவந்ததா? கூகுள் லென்ஸ் போன்ற தேடும் கருவியில் படத்தை இட்டால், அதன் பழைய பதிப்புகள் தெரியவரும்.

நான்காவது, முதலில் அனுப்பியவர் யார்? ‘எனக்கு வந்தது, அனுப்பினேன்’ என்பது விடையாகாது.

இவ்வளவு கவனம் தேவையா எனக் கேட்கலாம். 2018 மே மாதம், பிள்ளை பிடிப்பவர்கள் வந்துள்ளனர் என்ற வாட்ஸ்அப் வதந்தியால், திருவண்ணாமலை மாவட்டத்தில் முதிய பெண்மணி ஒருவரைக் கும்பல் அடித்துக் கொன்றது. அவ்வாண்டு நாட்டில் பரவிய காட்சிகளுள் ஒன்று, பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக நடித்து எடுக்கப்பட்டது. அதன் விளக்கப் பகுதியை வெட்டிவிட்டுப் பரப்பினர். அவ்வாண்டு ஜூலையில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மட்டுமே மேலனுப்ப இயலும் என வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் வரையறுத்தது.

நம் ஊரையே எண்ணிப் பார்ப்போம். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி வெடிவிபத்தின் படத்தை இன்று நடந்ததென எவரேனும் அனுப்பினால், வேலைக்குச் சென்ற தாய் திரும்பும்வரை ஒரு குழந்தையின் நெஞ்சு என்ன பாடுபடும்!

மற்றொன்றும் மறக்கலாகாது. நாம் பிறர் படத்தைப் படிப்பது போலவே, பிறரும் நம் படத்தைப் படிக்கின்றனர். சீருடையின் சின்னம் பள்ளியையும், பின்னால் தெரியும் பலகை தெருவையும் காட்டிக்கொடுக்கும். எனவே பெற்றோரின் அனுமதியின்றிப் படம் பகிராதிருப்போம். அவ்வாறே, ஒரு தோழியின் உடையையோ சிரிப்பையோ படத்தில் கண்டு அவள் குணத்தை எடைபோடாதிருப்போம். படம் ஒரு நொடியைக் காட்டுமேயன்றி உள்ளத்தைக் காட்டாது.

விரல் அசையுமுன் அறிவு அசையட்டும். ஐயமுள்ள படம் நம் கையோடு நிற்கட்டும்!