தோற்றவர் எழுதும் பத்தி

எழுத்தை மட்டுமே கொண்டு ஆடும் சண்டை விளையாட்டு ஒன்றை ஓய்வு நேரத்தில் உருவாக்க உட்காருகிறவர்கள் பெரும்பாலும் வெற்றியிலிருந்தே தொடங்குகிறார்கள். எந்த உதைக்கு எத்தனை புள்ளி, எந்த வாளுக்கு எவ்வளவு வலு, எத்தனை அடியில் எதிராளி சாய்வான் என்று அட்டவணை போடுவதிலேயே மாதங்கள் கழிந்துவிடும். ஆட்டக்காரர்களே கதையை நடத்திச் செல்லும் விளையாட்டாக அது அமைய வேண்டுமென்றால், தோற்றவருக்கு என்ன மிஞ்சுகிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஒவ்வொரு சண்டையிலும் ஒருவர் தோற்கத்தான் போகிறார். அவர் மறுநாளும் வந்து எழுதினால்தான் அங்கே கதை நகரும். நாற்பது ஆண்டுகளைத் தாண்டிவிட்ட இவ்வகை விளையாட்டுகளின் வரலாற்றை இந்தக் கேள்வியோடு படித்தால், எவை எங்கே தடுக்கி விழுந்தன என்பது நன்றாகவே தெரிகிறது.

இதன் தொடக்கம் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகம். 1978-இல் ராய் டிரப்ஷா என்ற மாணவர், பலர் ஒரே நேரத்தில் நுழைந்து உலவக்கூடிய ஒரு கற்பனை உலகை அங்கிருந்த பிடிபி-10 கணினியில் கட்டினார். ரிச்சர்ட் பார்ட்டில் அதை ஏற்று வளர்த்தார். 'மட்' என்ற அதன் பெயரே பிறகு இந்த வகை முழுவதற்கும் பெயராகிவிட்டது. வடக்கே போகவோ வாளை எடுக்கவோ ஆங்கிலத்தில் ஓரிரு சொற்களைத் தட்டினால், என்ன நடந்தது என்று கணினி வாக்கியமாகச் சொல்லும். அதே இடத்தில் நிற்கும் மற்றவர்களின் திரையிலும் அந்தச் செய்தி ஓடும். 1990-91-இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணினித் துறை மாணவர்கள் ஐவர் எழுதிய 'டிக்குமட்' நிரலைப் பல நாடுகளில் ஆர்வலர்கள் எடுத்துத் தங்கள் விருப்பப்படி மாற்றிக்கொண்டார்கள். அதை வைத்துப் பணம் சம்பாதிக்கக் கூடாது, ஆக்கியோர் பெயரை மறைக்கக் கூடாது என்பவை அதன் அன்றைய உரிம நிபந்தனைகள். பொழுதுபோக்காக விளையாட்டு உருவாக்கும் ஒரு பெரிய கூட்டம் இந்த நிபந்தனைகளின் கீழ்தான் வளர்ந்தது.

டிக்குமட்டில் சண்டை முழுவதும் நிரலின் கையில். தாக்கும்படி ஒருமுறை ஆணையிட்டால் போதும். இரண்டு மூன்று நொடிகளுக்கு ஒருமுறை நிரலே பகடை உருட்டி, அடி பட்டதா தவறியதா என்று வரிவரியாகச் சொல்லிக்கொண்டே போகும். செத்தால், பாடுபட்டுச் சேர்த்த அனுபவப் புள்ளிகள் குறையும். உடைமைகள் பிணத்தோடு கிடக்கும். ஓடிப்போய் மீட்க வேண்டும். 1999-இல் வந்த 'எவர்குவெஸ்ட்' என்ற படவிளையாட்டிலும் இதே பிணம் தேடும் வேலை இருந்தது. தோற்றவருக்கு இங்கே தண்டனை உண்டு, கூலியில்லா உழைப்பு உண்டு. சொல்லிக்கொள்ளத்தான் ஒன்றும் இல்லை.

இதற்கு நேர் எதிர்முனைக்குப் போனது 'டைனிமட்'. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜிம் ஆஸ்ப்னஸ் 1989-இல் எழுதியது. சண்டையையும் புள்ளிகளையும் எடுத்துவிட்டு, அறைகளையும் பொருள்களையும் ஆட்டக்காரர்களே உருவாக்க விட்டார். அதன் வழியில் வந்த 'மஷ்' வகையில்தான் நாம் பேசும் விளையாட்டு உருவெடுத்தது. இதில் சண்டை நடக்கும் விதம் அழகானது. தாக்குபவர் தன் பாத்திரம் எப்படிப் பாய்கிறது, கால் எந்தக் கோணத்தில் எழுகிறது என்று ஒரு பத்தி எழுதுவார். ஆனால் அடி பட்டது என்று எழுத மாட்டார். எதிராளி விலகுவதா, தடுப்பதா, வாங்கிக்கொண்டு திருப்பி அடிப்பதா என்று தேர்ந்தெடுப்பார். நிரல் கணக்கிட்டு விளைவைச் சொல்லும். அடி எப்படி விழுந்தது, எங்கே வலித்தது, வலியைப் பல்லைக் கடித்து மறைத்தாரா என்பதையெல்லாம் எழுதுகிறவர் அடி வாங்கியவர்தான். அடுத்தவர் பாத்திரத்துக்கு என்ன நேர்ந்தது என்று நீங்களே எழுதிவிடுவது இந்த ஆட்டத்தில் பெரிய அநாகரிகம்.

இந்த முறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. தோற்றுக்கொண்டிருப்பவரிடமே பேனா இருக்கிறது. ஆளுக்குப் பத்துப் பத்தி, பத்திக்கு ஏழு நிமிடம் என்று வைத்தால் ஒரு சண்டை இரண்டு மணி நேரத்தைத் தாண்டிவிடும். அவ்வளவு நேரம் கொடுத்தவருக்கு, கடைசியில் நிரல் ஒரு தோல்விச் செய்தியை மட்டும் காட்டினால் அது அநியாயம். தோற்றவர் தன் தோல்வியின் விளைவைத் தானே தேர்ந்தெடுக்க இடமிருக்க வேண்டும்: ஆறாத காயமா, திருப்பித் தர வேண்டிய கடனா, கொடுத்துவிட்ட வாக்கா? தேர்ந்ததை நிரல் பதிந்துவைத்து, சில வாரங்கள் எல்லோர் கண்ணிலும் படும்படி அந்தப் பாத்திரத்தின் விவரத்தில் காட்ட வேண்டும். அடுத்த கதை அந்தக் காயத்தைப் பிடித்துக்கொண்டு தானாக வரும்.

பகடைக் கணக்கும் இதற்கு ஏற்ப அமைய வேண்டும். இருபது பக்கப் பகடை ஒன்றை உருட்டினால் எந்த எண்ணும் நூற்றுக்கு ஐந்து வாய்ப்பில் வரும். உச்சமும் பாதாளமும் நடுவும் ஒன்றுபோல. ஆறு பக்கப் பகடை இரண்டை உருட்டிக் கூட்டினால் 7 வர ஆறில் ஒரு வாய்ப்பு, 12 வர முப்பத்தாறில் ஒன்றுதான். நாற்பது வருடம் சிலம்பம் பயின்றவராக ஒருவர் தன் பாத்திரத்தை எழுதியிருக்க, முதல் பகடை முறை அவரை நேற்று வந்த பையனிடம் அடிக்கடி மண்ணைக் கவ்வ வைக்கும். இரண்டாவது முறையில் அது அரிதாக நடக்கும். நடக்கும்போது ஊரே அதைப் பற்றிப் பேசும்.

எண்களே முடிவு செய்தால் கதை ஆட்டக்காரர்களுடையது ஆகுமா என்று கேட்கலாம். இருவரும் முன்கூட்டியே பேசி முடிவை ஒப்புக்கொண்டு எழுதும் குழுக்களும் உண்டு. நெருங்கிய நண்பர்களிடையே அது நன்றாகவே நடக்கும். முன்பின் தெரியாதவர்களிடையே, விட்டுக்கொடுப்பவர் எப்போதும் விட்டுக்கொடுத்துக்கொண்டே இருப்பார். எழுத்துதானே, அதனால் யாருக்கு என்ன கேடு என்பவர்கள் 'லாம்ப்டாமூ'வின் கதையை அறிய வேண்டும். ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் பாவெல் கர்ட்டிஸ் 1990-இல் தொடங்கிய எழுத்துலகம் அது. 1993-இல் ஒருவர், பிறரின் பாத்திரங்கள் பாலியல் கொடுமைக்கு ஆளாவது போன்ற வாக்கியங்களை ஒரு நிரல் மூலம் பொதுக்கூடத்தில் ஓடவிட்டார். வெறும் சொற்கள்தாம், ஆனாலும் பாதிக்கப்பட்டவர்கள் நிஜமாகவே நொந்தார்கள். அதன் பிறகு அங்கே மனுக்களும் வாக்கெடுப்பும் கொண்ட ஆட்சிமுறை உருவானது. தன் பாத்திரத்தின் மேல் எழுதும் உரிமை தனக்கே என்ற விதியையும் எல்லோரையும் கட்டும் நடுவர் கணக்கையும் நிரலிலேயே அமைத்துவிடுவது, வலுவில்லாதவருக்குத் தரும் பாதுகாப்பு.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. தோல்வி வலிக்காவிட்டால் வெற்றிக்கு என்ன மதிப்பு? வலிக்கத்தான் வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்த 'ஆர்மகெடான்' என்ற மட்டில் பாத்திரம் செத்தால் செத்ததுதான், மீட்சி கிடையாது. அங்கே பாத்திரமாகவே நடந்துகொள்வதும் கட்டாயம் என்பதால், ஒரு சாவு மற்றவர்களின் பகையாகவும் துக்கமாகவும் தொடர்ந்தது. அந்த இழப்பு பெரியது, ஆனால் கதையை வளர்த்தது. வெறும் வலிக்கு அந்த ஆற்றல் இல்லை. பார்ட்டில் 1996-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஆட்டக்காரர்களை நான்கு வகையாகப் பிரிக்கிறது: சாதிப்பவர், தேடித் திரிபவர், பழகுபவர், பிறரைத் தாக்கவே வருபவர். கடைசி வகையினர் பெருகினால் பழக வந்தவர்கள் கிளம்பிவிடுவார்கள், அதன்பின் தாக்குபவர்களுக்கும் இரை இருக்காது என்று அவர் காட்டினார். தோற்றவரைக் காப்பது ஜெயிப்பவருக்கும் நல்லது.

படமும் ஒலியும் இல்லாத ஆட்டத்துக்கு இன்று யார் வருவார்கள் என்ற கேள்வி நியாயமானது. சிலர்தான் வருவார்கள். சம்பளம் கொடுக்க வேண்டிய நிறுவனத்துக்கு அது போதாது. தனியொருவரின் பொழுதுபோக்குக்கு, தொடர்ந்து எழுதும் இருபது பேர் தாராளம். திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளோடு பார்வையற்றவர்களும் இதில் சமமாக நின்று சண்டையிட முடிகிறது. படவிளையாட்டுகளில் பலவற்றில் அவர்களுக்கு இடமே இல்லை. நிரல் வேலையும் முன்போலப் பயமுறுத்துவதில்லை. பைத்தான் மொழியில் 'எவெனியா' என்ற இலவசக் கட்டமைப்பு கிடைக்கிறது. இணைப்பு, அறைகள், பாத்திரங்கள், சேமிப்பு எல்லாம் அதில் தயாராக உண்டு.

தமிழிலேயே இப்படி ஒன்றைச் செய்யவும் வழி திறந்திருக்கிறது. டிக்குமட் வழிவந்த 'சர்க்கிள்மட்' போன்ற பழைய நிரல்கள் ஆங்கிலத் தட்டச்சுக் குறிகளைத் தவிர வேறெதையும் உள்ளே விடாது. பைத்தானில் அந்தத் தொல்லை இல்லை. கணினிக்கு ஆணையிடுவதுதான் சிக்கல். 'மாறனைத் தாக்கு' என்று தட்டினால், உருபையும் ஒற்றையும் கழித்து 'மாறன்' என்ற பெயரை நிரல் கண்டெடுக்க வேண்டும். ஆங்கில விளையாட்டுகளுக்கு இந்த வேலை இல்லை. ஆனால் பத்தியை மனிதர் எழுதி மனிதரே படிக்கும் ஆட்டத்தில், நிரலுக்குத் தெரிய வேண்டியது யார், யாரை, எந்த அடியால், எதிராளியின் தேர்வு என்ன என்ற நான்கு செய்திகள்தாம். அவற்றை எண்ணிட்ட பட்டியலிலிருந்து எடுக்க வைத்துவிடலாம். முதல் பதிப்புக்கு ஓர் அறை, இரண்டு பாத்திரங்கள், பத்து அடிகள், தோற்றவர் நிரப்ப ஒரு பெட்டி ஆகியவை போதும். அந்தப் பெட்டியில் என்ன எழுதப்படுகிறது என்று பார்த்த பிறகு பதினோராவது அடியைச் சேர்க்கலாம்.