உள்ளே கறுத்த பல்லுக்கு வெளுப்பு: மருந்துக்கு முந்தைய வேலை

சின்ன வயதில் கீழே விழுந்து முன்பல்லில் அடிபட்டிருக்கும். வலி அப்போதே போய்விடும். வருடங்கள் கழித்து அந்த ஒரு பல் மட்டும் சாம்பல் பூத்தது போல் நிறம் மாறும். வெண்மை தரும் பற்பசை, கரித்தூள், எலுமிச்சை எதற்கும் அது அசையாது. கறை பல்லின் மேல் இல்லை, உள்ளே இருக்கிறது.

கறை எப்படி வருகிறது?

எனாமலுக்கு அடியிலுள்ள டென்டின் முழுக்க நுண்குழாய்கள். அடிபட்ட பற்கூழில் கசியும் ரத்தம் அவற்றுக்குள் புகுந்துவிடுகிறது. சிவப்பணுக்கள் சிதைந்து வெளிவரும் இரும்பு, கறுப்புச் சேர்மங்களாக அங்கேயே தங்குகிறது. சிலருக்கு ரூட் கெனால் செய்த பிறகுதான் பல் கறுக்கும். பற்கூழ் அறையின் மேல்மூலைகளில் விட்டுப்போன திசுவோ, வேரை அடைக்கப் பூசிய சிமெண்டின் மிச்சமோ பெரும்பாலும் காரணம்.

ரூட் கெனால் முடிந்த இத்தகைய பல்லுக்குத்தான் உள்வெளுப்பு. சோடியம் பெர்போரேட் பொடியை நீரில் குழைத்துப் பல்லுக்குள் வைத்து மூடி, நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் எளிய முறையை 1961-ல் பல் மருத்துவர் ஸ்பாசர் எழுதினார். பல இடங்களில் இன்றும் அது வழக்கில் இருக்கிறது.

முதலில் சுத்தம்

எக்ஸ்ரே எடுத்து வேர் அடைப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் தொடங்கக்கூடாது. அடைப்பில் குறையிருந்தால் முதலில் அதைத் திருத்த வேண்டும். பிறகு ரப்பர் திரை மாட்டி, பல்லின் பின்பக்கம் திறந்து, பழைய அடைப்பு, சிமெண்ட், மூலைகளில் ஒளிந்த திசு எல்லாவற்றையும் சுரண்டி எடுக்கிறார்கள். இங்கே கொஞ்சம் மிச்சம் வைத்தாலும் மருந்து டென்டினைத் தொடாது. கறை போகட்டும் என்று நல்ல டென்டினையும் சேர்த்துக் குடைந்தால் பல் பலவீனமாகிவிடும். நுண்குழாய் வாய்களைத் திறக்க உட்சுவரில் அமிலம் தடவும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதனால் பலன் கூடுகிறதா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. என்னைக் கேட்டால், தவிர்ப்பதே நல்லது.

2 மில்லிமீட்டர் தடுப்பு

எனாமலும் வேரும் சந்திக்கும் கோட்டுக்குக் கீழே 2 மில்லிமீட்டர் அளவுக்கு, வேரை அடைத்திருக்கும் கட்டாபெர்ச்சாவை எடுத்துவிட்டு, அங்கே குறைந்தது 2 மில்லிமீட்டர் கனத்துக்கு கிளாஸ் அயனோமர் சிமெண்ட் வைக்க வேண்டும். மருந்து வேர்ப் பக்கம் கசியாமல் தடுப்பது இதுதான். அந்தச் சந்திப்புக் கோடு நேர்கோடல்ல. முன்பற்களின் பக்கவாட்டில் வெட்டும் முனையை நோக்கி வளையும். தடுப்பைத் தட்டையாக வைத்தால் பக்கவாட்டுக் குழாய்கள் திறந்தே கிடக்கும். அதனால் ஈறு ஒட்டியிருக்கும் ஆழத்தை வெளியிலிருந்து அளவுக் கம்பியால் அளந்து, அதே வளைவை உள்ளே அமைக்கிறார்கள்.

இவ்வளவு கறார் எதற்கு? வெளுப்பு செய்த பற்களில் ஈறுக்கருகே வேர் அரிபடுவதை 1979-ல் ஹாரிங்டன், நாட்கின் என்ற ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். வெளுக்க அடர்ந்த ஹைட்ரஜன் பெராக்சைடை வைப்பதும் அதற்குச் சூடு கொடுப்பதும் இந்த அபாயத்தைக் கூட்டும். பெர்போரேட்டும் நீரும் மென்மையான கலவை.

வீட்டுக்குப் போன பிறகு

சில நாள் முதல் ஒரு வாரத்துக்கு ஒருமுறை மருந்து மாற்றப்படும். தற்காலிக அடைப்பு பெயர்ந்தால் அடுத்த தேதிவரை காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள். நிறம் வந்ததும் நிரந்தர அடைப்புக்கு அவசரப்படுத்தாதீர்கள்; பல்லில் தங்கிய ஆக்சிஜன் பசையின் பிடிப்பைக் கெடுக்கும் என்பதால் ஓரிரு வாரம் விடுவார்கள். வேர் அரிப்பு வலியில்லாமல் வளரும். அதனால் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். சிகிச்சைக்கு ஒப்புக்கொள்ளும் முன், "உள்ளே தடுப்பு வைப்பீர்களா, டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள்.