ஹார்மோன் டி இருக்கும்போது நாள் தள்ளிப்போனால்...

2017-இல் ஒரு புகைப்படம் இணையத்தில் உலகம் முழுக்கச் சுற்றியது. அமெரிக்காவின் அலபாமாவில் பிறந்த பச்சைக்குழந்தை ஒன்று, தாயின் கருத்தடைச் சாதனத்தைக் கையில் பிடித்திருக்கும் படம். வயிற்றுக்குள்ளிருந்தே பிடித்துக்கொண்டு வந்துவிட்டதாகப் பலரும் நம்பினார்கள். உண்மையில் அது சிசேரியனின்போது நஞ்சுக்கொடிக்குப் பின்னால் கிடைத்தது. குழந்தையின் கையில் வைத்தவர்கள் பெரியவர்கள். குழந்தை வளர்வது பனிக்குடத்துக்குள், சாதனம் கிடப்பது அதற்கு வெளியே.

ஆனால் ‘ஹார்மோன் டி’ என்ற அந்தச் சாதனம் போட்ட பிறகும் அந்தத் தாய் கருவுற்றார் என்பது பொய்யில்லை.

காப்பர் டி நம் வீடுகளில் பழகிய பெயர். ஹார்மோன் டி அதே வடிவம்தான்: 32 மில்லிமீட்டர் நீளமுள்ள பிளாஸ்டிக் துண்டு, அடியில் இரண்டு மெல்லிய நூல். செம்புக்கம்பிக்குப் பதிலாகத் தண்டில் லிவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் 52 மில்லிகிராம் இருக்கும். பின்லாந்து மருத்துவர் டாபானி லூக்கைனென் உருவாக்கிய இது, 1990-இல் ‘மிரீனா’ என்ற பெயரில் முதலில் அந்த நாட்டிலேயே விற்பனைக்கு வந்தது.

தொடக்கத்தில் நாளொன்றுக்குக் கசிவது சுமார் 20 மைக்ரோகிராம். மருந்துக்கடையில் கிடைக்கும் அவசரக் கருத்தடை மாத்திரையிலும் இதே ஹார்மோன்தான், ஒரே வேளையில் 1.5 மில்லிகிராம். அந்த ஒரு மாத்திரையின் அளவை இந்தச் சாதனம் எழுபத்தைந்து நாளில்தான் வெளிவிடுகிறது.

இந்தச் சொற்ப அளவு கருப்பைவாய்ச் சளியைக் கெட்டியாக்கி விந்தணுவின் வழியை அடைக்கிறது. கருப்பையின் உட்சுவரை மெலிதாக்குகிறது. பெரும்பாலான பெண்களுக்குச் சினைமுட்டை வழக்கம்போல வெளிவரும். ஆனால் உட்சுவர் தடிக்காததால் உதிரவும் அதிகம் இருக்காது. ஓராண்டு முடிவில் ஐந்தில் ஒருவருக்கு மாதவிலக்கே நின்றுவிடுகிறது. கெட்ட ரத்தம் உள்ளேயே தங்குகிறது என்ற பயம் வேண்டாம். தங்குவதற்கு அங்கே ஒன்றும் சேரவில்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நாள் தள்ளிப்போனால் கர்ப்பம் என்று தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் வைத்திருக்கும் அடையாளம் இங்கே கைகொடுக்காது. தொடக்கத்தில் மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒழுங்கற்றுத் துளித்துளியாகப் படுவதும் சகஜம். ஆகவே ஒழுங்காக வந்துகொண்டிருந்த மாதவிலக்கு திடீரென நின்றாலோ, குமட்டலும் மார்பு வலியும் சேர்ந்தாலோ சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுவதே நல்லது. சாதனத்தின் ஹார்மோன் அந்தப் பரிசோதனை அட்டையின் முடிவை மாற்றாது.

கர்ப்பமாகும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆயிரம் பெண்கள் ஓராண்டு பயன்படுத்தினால் ஓரிருவர் கருவுறலாம். சில சமயம் சாதனம் தெரியாமலே நழுவி வெளியேறியிருக்கும். தெரிந்தோ தெரியாமலோ சாதனம் வெளியேறுவது சுமார் இருபதில் ஒருவருக்கு நேர்கிறது. நூல் தட்டுப்படுகிறதா என்று அவ்வப்போது பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

அந்த ஓரிருவர் விஷயத்தில்தான் மிகுந்த கவனம் தேவை. சாதனம் இருக்கும்போது உண்டாகும் கர்ப்பங்களில் பாதி வரை கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில் தங்கக்கூடும். இதைக் கேட்டு, சாதனம்தான் குழாய்க் கர்ப்பத்தை உண்டாக்குகிறது என்று நினைப்பவர்கள் உண்டு. கணக்கு நேர்மாறாக இருக்கிறது. எந்தத் தடுப்பும் இல்லாத ஆயிரம் தம்பதியரில் ஓராண்டில் சுமார் 850 பேர் கருவுறுவார்கள். அதில் நூற்றுக்கு ஒன்றிரண்டு குழாயில் தங்கினாலும் எட்டுக்குக் குறையாது. சாதனம் உள்ள ஆயிரம் பேரில் அது ஒன்றைத் தொடுவதே அரிது.

அரிது என்பதால் அலட்சியம் கூடாது. குழாய் வெடித்தால் வயிற்றுக்குள் ரத்தம் கொட்டும். அடிவயிற்றில் ஒருபக்கமாக வலி, தலைசுற்றல், மயக்கம் வரலாம். தோள்பட்டை முனையில்கூட வலிக்கும். தேங்கிய ரத்தம் உதரவிதானத்தை உறுத்த, அந்த வலி தோளில் தெரிகிறது. வாயுப்பிடிப்பு என்று கஷாயம் வைத்துக்கொண்டு வீட்டில் காத்திருக்கும் நேரம் அதுவல்ல.

கரு கருப்பைக்குள்ளேயே இருந்து, நூலும் தெரிந்தால், ஆரம்ப வாரங்களிலேயே சாதனத்தை எடுத்துவிட மருத்துவர்கள் பரிந்துரைப்பார்கள். அப்படியே விட்டால் கருச்சிதைவு, தொற்று, குறைப்பிரசவ ஆபத்து கூடும். எடுக்கும்போதும் கரு கலையும் வாய்ப்பு ஓரளவு உண்டு. இருந்தாலும் விட்டுவைப்பதே அதிக ஆபத்து.

பிற்பாடு பிள்ளை பிறக்குமா என்பது மாமியார்கள் முதலில் கேட்கும் கேள்வி. பிறக்கும். குழந்தை வேண்டுமென்று சாதனத்தை எடுத்தவர்களில் நூற்றுக்கு எண்பது பேர் ஓராண்டுக்குள் கருவுற்றிருக்கிறார்கள்.

ஹார்மோன் டி போட்டிருக்கும் பெண்களே, பரிசோதனை அட்டையில் இரண்டு கோடு தெரிந்தால், ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு அன்றே போங்கள். “உள்ளே டி போட்டிருக்கேன்” என்பதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.