நீர்மூழ்கியில் இருந்து வந்த பாட்டு

போர்க்கப்பலில் கழற்றிய சாமான்களை வைத்து ஒரு வானொலி நிலையத்தையே தொடங்கிவிட முடியுமா, நேயர்களே?

கொழும்பில் தொடங்கியிருக்கிறார்கள்! முதல் உலகப் போரில் பிடிபட்டது ஒரு ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல். அதிலிருந்த வானொலிக் கருவியின் பாகங்கள், போர் முடிந்தபின் கொழும்பு தந்தி அலுவலகத்துப் பொறியாளர்கள் கைக்கு வந்தன. தலைமைப் பொறியாளர் எட்வர்ட் ஹார்ப்பர் முன்னின்று நடத்த, அவற்றைக் கொண்டு அவர்களே ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டரைச் செய்துவிட்டார்கள். ஸ்டூடியோ? தந்தி அலுவலகத்திலேயே ஒரு குட்டி அறை. நிகழ்ச்சி? கிராமபோன் இசைத்தட்டு. நீர்மூழ்கியில் போர்ச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்த கருவி, ஊருக்குப் பாட்டுப் போட ஆரம்பித்தது!

அந்தச் சோதனை வளர்ந்து, 1925 டிசம்பரில் முறையான ஒலிபரப்பானது. பின்னாளில் தமிழகமே காது கொடுத்துக் கேட்ட இலங்கை வானொலி அதன் வாரிசுதான்.

மரக்காணம் உப்பளத்துப் பக்கம் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் சேதி. மத்திய அலை ஒலிபரப்பு, காய்ந்த தரையைவிடக் கடலின் மேல் வெகுதூரம் போகும். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், அதுதான் காரணம். இலங்கை வானொலியின் தமிழ்ப் பாட்டு, நம் கடலோர ஊர்களின் டிரான்சிஸ்டர்களில் அவ்வளவு கணீரென்று ஒலித்ததில், அறிவிப்பாளர்களின் குரலோடு கடல் உப்புக்கும் கொஞ்சம் பங்கு உண்டு!