கணிப்பொறி மாறினால் உரிமமும் மாறுமா?

வீட்டில் பழைய கணிப்பொறி ஒன்று இருக்கிறது. புதிதாக மற்றொன்று வாங்குகிறீர்கள். பழையதன் திரையையும் விசைப்பலகையையும் கழற்றிப் புதியதில் பொருத்திக்கொள்ளலாம். ஆனால் பழையதில் இருந்த விண்டோஸ் இயக்க அமைப்பையும் அவ்வாறே கொண்டுபோகலாமா? "காசு கொடுத்து வாங்கியதுதானே!" என்று நீங்கள் கூறக்கூடும். விடை அவ்வளவு எளிதன்று.

ஒரு புத்தகத்தை நண்பனுக்குக் கொடுத்துவிட்டால் அது உங்களிடம் இராது. மென்பொருளோ ஆயிரம் படிகள் எடுத்தாலும் தேய்வதில்லை. ஆகவே விண்டோஸைத் தயாரிக்கும் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மென்பொருளையே நமக்கு விற்றுவிடுவதில்லை. அதைப் பயன்படுத்தும் உரிமத்தை மட்டுமே தருகிறது.

வீடுகளுக்கான உரிமங்களில் இருவகை முக்கியமானவை. குடி மாறுகிறவர் தாம் வாங்கி மாட்டிய மின்விசிறியைக் கழற்றிச் செல்லலாம். வீட்டின் மின் இணைப்பைக் கொண்டுசெல்ல முடியாது அல்லவா? கடையில் தனியாக வாங்கும் விண்டோஸ் உரிமம் மின்விசிறியைப் போன்றது. பழைய கணிப்பொறியிலிருந்து நீக்கிவிட்டு, புதியதில் நிறுவிக்கொள்ளலாம். ஆனால் ஒரே சமயத்தில் இரண்டிலும் வைத்திருக்கக் கூடாது. கணிப்பொறியோடு சேர்ந்து வரும் உரிமமோ மின் இணைப்பைப் போன்றது. கணிப்பொறியை விற்றால் அதுவும் உடன் போகும். தனியே பிரித்துக் கொண்டுபோக நிறுவனத்தின் விதிகள் இடம் தருவதில்லை.

சரி, எந்தக் கணிப்பொறியில் இருக்கிறோம் என்பது விண்டோஸுக்கு எப்படித் தெரிகிறது?

விண்டோஸை நிறுவும்போது 25 குறிகள் கொண்ட ஒரு திறவுகோல் எண்ணைத் தட்டச்சு செய்வது வழக்கம். அந்த ஒரே எண்ணைப் பத்துக் கணிப்பொறிகளில் தட்டினால் என்ன ஆகும்? இதைத் தடுக்கவே 2001-ல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி ஒரு புதிய முறையைக் கொண்டுவந்தது. செயலி, ஹார்டு டிஸ்க், நினைவகம், வலைப்பின்னல் அட்டை போன்ற உறுப்புகளின் விவரங்களைச் சுருக்கி, அது ஒரு குறியீட்டை உருவாக்கியது. இதைக் கணிப்பொறியின் கைரேகை எனலாம். கைரேகையும் திறவுகோல் எண்ணும் இணையம் வழியாகவோ தொலைபேசி வழியாகவோ நிறுவனத்தில் பதிவாயின.

சுருக்கிய குறியீட்டிலிருந்து மூல விவரத்தைக் கண்டுபிடித்துவிட முடியாதா? ஒரு சிறு கணக்கு செய்து பாருங்கள். 4837-ஐ 97-ஆல் வகுத்தால் மீதி 84. மீதியை மட்டும் உங்கள் நண்பனிடம் சொல்லி, மூல எண்ணைக் கேளுங்கள். அது 181 ஆகவும் இருக்கலாம், 278 ஆகவும் இருக்கலாம். அவனால் உறுதியாகச் சொல்ல இயலாது. கைரேகையின் தத்துவமும் ஏறக்குறைய இதுவே.

ஓரிரு உறுப்புகளை மாற்றினால் விண்டோஸ் பொறுத்துக்கொள்ளும். எல்லா உறுப்புகளையும் தாங்கும் மதர்போர்டை மாற்றினாலோ, அது வேறு கணிப்பொறி என்றே கருதிவிடும். 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல், தயாரிப்பாளர்கள் திறவுகோல் எண்ணை மதர்போர்டில் உள்ள ஒரு சில்லிலேயே பதித்து அனுப்பலாயினர். 2015-ல் வந்த விண்டோஸ் 10-லோ, உரிமம் நிறுவனத்தின் கணிப்பொறிகளில் பதிவு செய்யப்பட்டது. 2016 முதல் அதை நம் பெயரிலுள்ள மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்துவைக்கும் வசதியும் வந்தது. மதர்போர்டை மாற்றுமுன் இவ்வாறு இணைத்துவைத்தால், பின்னர் உரிமத்தைத் திரும்பப் பெறுவது எளிது.

நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடுவதும் உண்டு. கணிப்பொறியோடு சேர்த்து விற்பதற்கென்று தயாரித்த மென்பொருளைத் தனியாகவும் விற்கலாம் என்று 2000-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் உயர் நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது.

ஆகவே கணிப்பொறி வாங்கும்போது, அதிலுள்ள உரிமம் எந்த வகை என்று கேட்டு, ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். பழையது பழுதாகும் நாளில் விண்டோஸுக்கு மீண்டும் பணம் கட்ட வேண்டுமா என்பதை அந்த ஒரு கேள்வியே தீர்மானிக்கும்.

உரிமத்தைப் புதியதற்கு மாற்றிவிட்டால் பழைய கணிப்பொறி வெறும் பெட்டிதானா? கவலை வேண்டாம். 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ், 1992 முதல் யாரும் படியெடுத்துப் பிறருக்கு வழங்கக்கூடிய உரிமத்தில் கிடைக்கிறது. காலி வீட்டில் அதைத் தாராளமாகக் குடிவைக்கலாம்!